சுபைதாவுக்கு நான் சொன்ன பொய்

சென்ற மாதம் ஒரு பிற்பகல், ஆஸ்பத்திரியில் புதிதாக நியமனம் பெற்ற தாதி ஒருத்தி ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். மனம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பராமரிப்பது பற்றி இப்போது அவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்களாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாரையாவது தேடிப் போய், அவர்கள் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும் என்பது அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. கதிரையில் அமர்ந்து, கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு கேட்டாள்:

“ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் நீங்கள் பிள்ளையளோட வேலை செய்தனீங்களாம், மிஸ்ஸி. அப்ப என்ன வைத்தியம் குடுத்தனீங்கள்?”

“கஞ்சி குடுத்தனாங்கள்” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டு போனாள். ஆனால் முக்கியமானது ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குண்டு விழுந்த அந்த 1942 ஏப்ரல் மாதத்தில் எனக்கு வயது இருபத்திரண்டு. தாதிப் பயிற்சி முடித்து ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. காயம் கட்டுவேன், ஊசி போடுவேன், காய்ச்சல் அளப்பேன். கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் மடிக்காவிட்டால் அடி விழும் என்ற பயத்தில் அதையும் நன்றாகவே பழகியிருந்தேன். பிள்ளையொன்று பயந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் எவரும் சொல்லித் தந்ததில்லை.

குண்டுகள் விழுந்தது காலை நேரத்தில். துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் விழுந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றிக்கொண்டு நாட்கணக்காக எரிந்தது. கரும்புகை ஊருக்கு மேல் நின்றது. பாலையூற்றுப் பக்கம் உடுப்புக் காயப்போட்டால் கரி படிந்தது. சனம் வண்டிலிலும் ரயிலிலும் கால்நடையாகவும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. துறைமுகக் கூலி வேலைக்காரர் குடியிருந்த லயன்களில் சில பிள்ளைகள் ஆளில்லாமல் மிஞ்சினார்கள். தாய் தகப்பன் செத்தவர்களும் இருந்தார்கள். தாய் தகப்பன் எங்கே என்று தெரியாதவர்களும் இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்காக ஓர் இடம் தேடினார்கள். வடக்கே நிலாவெளியும் தாண்டி, இறக்கக்கண்டியில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொப்பறாக் கொட்டிலும் அதோடு ஒட்டிய சின்ன வீடும் கிடைத்தன. அங்கே என்னை அனுப்பினார்கள். இருபது இருபத்திரண்டு பிள்ளைகள். சமையலுக்கு அதே ஊர்ப் பாத்தும்மா. எல்லாவற்றுக்கும் மேலே மேற்றன் அன்னம்மா.

மேற்றன் யாழ்ப்பாணத்தவர். ஐம்பது வயது தாண்டி, வேலையிலிருந்து விலகி வீட்டில் இருந்தவர், கேள்விப்பட்டுத் தானாக வந்து சேர்ந்தார். மெலிந்த உடம்பு. வெள்ளைச் சேலை, முழங்கை வரை சட்டை, ஒரு கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். என்னை அவர் ஒருநாளும் ‘நீ’ என்றதில்லை. ‘நீர்’ என்பார். அந்த ‘நீர்’ எனக்கு ‘நீ’யைவிடப் பயமாக இருந்தது.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் மேற்றன் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். “நேரம் பாக்கிற ஆளிட்டப் பிள்ளை ஒண்டும் சொல்லாது” என்றார். பிறகு நிலத்தில் இருப்பார். தண்ணீர் கொடுப்பார். பேரை ஒருமுறைதான் கேட்பார், சொல்லாவிட்டால் விட்டுவிடுவார். முதல்நாள் குளிக்க மறுத்தால் குளிப்பாட்டுவதில்லை. போட்டிருந்த உடுப்பு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கேளாமல் கழற்றுவதில்லை. சம்மதித்த பிறகு, பிள்ளை பார்த்திருக்கக் கிணற்றடியில் தோய்த்து, அதன் கண்ணுக்கு முன்னாலேயே கொடியில் போட்டு, காய்ந்ததும் அதன் கையிலேயே கொடுக்க வேண்டும். “அது அந்தப் பிள்ளையின்ர வீட்டில மிஞ்சினது” என்பார்.

வானத்தில் இரைச்சல் கேட்டால் பெரியவர்கள் ஓடக்கூடாது. உள்ளபடி சொல்ல வேண்டும்: “இது எங்கட பக்கத்து விமானம். சீனக்குடாவுக்குப் போகுது.” தெரியாவிட்டால் “எனக்குத் தெரியேல்லை, வா, குழிக்குள்ள இருப்பம்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும். அந்தக் குழியைப் பெரிய பிள்ளைகளைக் கொண்டே வெட்டுவித்தார். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. ஆனால் தாங்கள் வெட்டிய குழி என்பதால் அவர்கள் அதற்குள் இறங்கப் பயப்படவில்லை.

ஒருநாள் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், தேங்காய் மட்டைகளை வரிசையாகக் கிடத்தி, மேலே மணல் மூடி, சுற்றி நின்று ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தன் இரண்டு கையையும் விரித்து விமானமாக ஓடி வருகிறான், மற்றவர்கள் விழுகிறார்கள். “நிப்பாட்டுங்கோ!” என்று கத்திவிட்டேன். மேற்றன் வந்து என் முழங்கையைத் தொட்டார்.

“விடும், சிவபாக்கியம். அதுகளுக்கு நடந்ததைத்தானே விளையாடுதுகள்.”

“இதைத் திருப்பித் திருப்பிச் செய்தால் மறக்கிறது எப்படி, மேற்றன்?”

“மறக்கச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?” என்றார்.

எனக்கு அன்று அது விளங்கவில்லை. நான் வேலைக்கு வந்த முதல்நாள் அவர் சொன்ன இன்னொன்று விளங்கிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்ய ஏலாததைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. இதில் விளங்குவதற்கு என்ன இருக்கிறது?

சுபைதா வந்தது மே மாதத் தொடக்கத்தில். எட்டு வயது இருக்கும். இடுப்பில் தம்பி காதர், மூன்று வயது. அவள் அவனை இறக்கவே மாட்டாள். நடந்தாலும் இடுப்பில், இருந்தால் மடியில். தூங்கும்போது தன் முக்காட்டுத் துணியால் அவன் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். துறைமுக லயன் ஒன்றின் இடிபாட்டருகே இருந்த இருவரையும் யாரோ கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு எங்களிடம் அனுப்பினார்கள். தாய் இறந்துவிட்டாள் என்று கூட்டி வந்தவர் மேற்றனிடம் சொன்னார். தகப்பனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சுபைதாவிடம் ஊரைக் கேட்டால், “உம்மா வரட்டும், அவ சொல்லுவா” என்பாள். வேறு பேச்சில்லை.

அவள் சாப்பிடுவதில்லை. தட்டில் போட்டதில் பாதியைத் தம்பிக்கு ஊட்டுவாள். மீதியை ஒரு சிரட்டையில் போட்டு மூடி வைப்பாள். “உம்மாவுக்கு.” இரண்டு நாள், மூன்று நாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. மேற்றன் அவள் பக்கத்தில் தரையில் இருந்து தானும் அதே கஞ்சியைக் குடிப்பார். சுபைதா இரண்டு மிடறு குடித்தால் அதுவே அன்றைக்குப் போதும் என்று எழும்பிவிடுவார். எனக்குப் பொறுமை இல்லை. இந்தப் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் செத்துப்போகும் என்று பயந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் மேற்றன் நிலாவெளிக்குப் போயிருந்தார். நான் சோற்றைக் குழைத்து அவள் வாயடியில் கொண்டு போனேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“உம்மா எப்ப வருவா?”

“நீ இதைச் சாப்பிடு. சாப்பிட்டா உம்மா நாளைக்கு வருவா.”

சுபைதா என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முழுத் தட்டும் சாப்பிட்டாள். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல ஏலாது. மேற்றன் திரும்பி வந்ததும், “சுபைதா சாப்பிட்டவ” என்று சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை அவள் தானாகக் குளித்தாள். தம்பிக்குத் தலை வாரினாள். இருவருமாக வாசல் படலையடியில் போய் இருந்தார்கள். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார்கள். என்னைக் கண்டபோது, “நாளைக்கு எண்டு சொன்னீங்க” என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “இண்டைக்கு ரோட்டில ஆமி லொறியள் கூட. அதுதான் வர ஏலாமப் போச்சு. நாளைக்கு வருவா” என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

அதற்கடுத்த நாள் பத்து மணிக்குப் பிள்ளைகளை எண்ணியபோது இரண்டு பேர் குறைவு. படலை திறந்து கிடந்தது.

மேற்றன் வடக்குப் பக்கம் போனார். நானும் பாத்தும்மாவும் நிலாவெளிப் பக்கம் ஓடினோம். மே மாத வெயில். தார் இளகிக் காலில் ஒட்டியது. லொறிகள் போகும்போதெல்லாம் பாத்தும்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கான்களை எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கே ஏதாவது கிடக்கும் என்று பயந்து பயந்து பார்த்தேன். நிலாவெளி தாண்டி உப்பளத்துக்குக் கிட்ட, ஓர் உடைமரத்தின் கீழே இருவரையும் கண்டோம். சுபைதா மரத்தில் சாய்ந்து இருந்தாள். காதர் அவள் மடியில் கிடந்தான். உதடு வெடித்து, கண் பாதி திறந்து, கழுத்துத் துவண்டிருந்தது.

“இவன் எழும்புறான் இல்லை” என்றாள். பிறகு, “உம்மா இந்த வழியாலதானே வருவா?” என்று கேட்டாள்.

நான் காதரைத் தூக்கினேன். துணிப் பொட்டலம்போல் இருந்தான். பாத்தும்மா ஒரு மாட்டுவண்டிலை மறித்தாள்.

அன்று முழுவதும் மேற்றன் அவனைவிட்டு அசையவில்லை. கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, தேக்கரண்டியால் ஒரு கரண்டி. கொஞ்சநேரம் பொறுத்து இன்னொரு கரண்டி. கடிகாரத்தை அன்று கையில் கட்டியிருந்தார். சத்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். நான் ஈரத்துணி மாற்றினேன். சுபைதா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தநாள் விடிந்த பிறகுதான் அவன் சிறுநீர் கழித்தான். மேற்றன் நனைந்த துணியைத் தொட்டுப் பார்த்து, “இனிப் பயமில்லை” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்:

“அந்தப் பிள்ளை ஏன் ரோட்டால போனது?”

சொன்னேன். இரண்டு பொய்யையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீர்தான் அவவுக்கு உண்மையைச் சொல்லோணும்” என்றார்.

“எனக்கு ஏலாது, மேற்றன். நீங்கள் சொல்லுங்கோ. நான் வேலையை விட்டுப் போறன்.”

“நான் சொன்னால், பொய் சொன்ன ஆள் ஓடிப்போட்டுது எண்டுதான் அவ நினைப்பா. பிறகு ஆரை நம்புவா? சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும். சொல்லிப்போட்டு இங்கையே நில்லும்.”

எப்படிச் சொல்வது என்பதற்கு அவர் ஒரு நாள் எடுத்தார். பின்னேரம் வேண்டாம், நித்திரைக்கு முதல் வேண்டாம். காலையில், சாப்பிட்ட பிறகு, நல்ல வெளிச்சத்தில். தம்பி அவள் மடியில் இருக்க வேண்டும். ‘உறங்குகிறா’ என்றோ ‘தூரப் போய்விட்டா’ என்றோ சொல்லக்கூடாது. உறங்குகிறா என்றால் பிள்ளை உறங்கப் பயப்படும். தூரப் போய்விட்டா என்றால் தேடிப் போகும். பிறகு பாத்தும்மாவைக் கூப்பிட்டு, “உங்கட ஆக்கள் எந்தச் சொல்லைச் சொல்லுவீங்கள்?” என்று கேட்டார்.

“மௌத்தாப் போயிட்டா எண்டு சொல்லுங்க” என்றாள் பாத்தும்மா. “அது புள்ளைக்கு விளங்கும். நானும் வந்து கிட்ட இருக்கன்.”

காலையில் சுபைதாவுக்கு முன்னால் தரையில் இருந்தேன்.

“சுபைதா, நான் உனக்குப் பொய் சொன்னனான். உம்மா வரமாட்டா. குண்டு போட்ட அண்டைக்கு உம்மா மௌத்தாப் போயிட்டா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான்.”

அவள் அழவில்லை. கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியும்” என்றாள்.

நான் திகைத்துப்போனேன்.

“நான் கண்டனான். செவர் விழுந்து உம்மாட கை மட்டும் வெளியில கிடந்திச்சு. நான் புடிச்சு இழுத்தனான். கை சூடில்லாம இருந்திச்சு.” தம்பியின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். “நீங்க பெரிய ஆள், வருவா எண்டு சொன்னீங்க. அப்ப நான் கண்டது பிழையாக்கும் எண்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். பாத்தும்மா அவளையும் தம்பியையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டியபோது சுபைதா அதைத் தட்டிவிட்டாள்.

அந்தக் கிழமை பாத்தும்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தாய்க்காக யாசீன் ஓதினார்கள். திரும்பி வரும் வழியில் சுபைதா தானாகச் சொல்லியிருக்கிறாள்: வாப்பாவின் பேர் மீராசா, ஊர் கிண்ணியா, துறைமுகத்தில் வள்ளத்தில் வேலை. உம்மா வந்து சொல்லுவா என்று பூட்டி வைத்திருந்ததைப் பூட்டி வைக்க இனிக் காரணம் இல்லை. மேற்றன் அன்றே இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் எழுதினார்.

என்னோடு அவள் கதைக்கவில்லை. நான் கொடுத்த தட்டை வாங்குவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். எதையாவது கேட்பதென்றால் பாத்தும்மாவைத் தேடிப் போவாள். வேலையை விட்டுப் போகிறேன் என்று இரண்டாம் முறையும் மேற்றனிடம் சொன்னேன். “உம்மை அவ மன்னிக்கோணும் எண்டு அவவிட்டக் கேளாதேயும்” என்றார். “அது அவவுக்கு இன்னொரு பாரம். சின்னச் சின்னதாச் சொல்லும். சொன்னதைச் செய்யும்.”

அப்படித்தான் செய்தேன். “இந்தக் குடம் நிரம்பினதும் வருவன்” என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போவேன், நிரம்பியதும் வருவேன். சந்தைக்குப் போகும்போது முற்றத்தில் ஒரு கல்லைக் காட்டி, “தென்னையின்ர நிழல் இந்தக் கல்லுக்கு வர முந்தி வந்திடுவன்” என்பேன். யாருக்குச் சொல்கிறேன் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்வேன். ஒருநாள் சந்தையில் பிந்திவிட்டது. கடைசி அரை மைல் ஓடினேன். பையிலிருந்து கத்தரிக்காய்கள் ரோட்டில் உருண்டன, பொறுக்க நிற்கவில்லை. முற்றத்துக்கு வந்தபோது சுபைதா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தம்பியோடு குந்தியிருந்தாள். நிழல் கல்லைத் தொட இன்னும் நாலு விரல் இருந்தது. அவள் நிழலைப் பார்த்தாள். மூச்சு வாங்கும் என்னைப் பார்த்தாள்.

“கத்தரிக்காய் எங்க?” என்று கேட்டாள்.

ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இருவருமாகப் போய் ரோட்டில் பொறுக்கி வந்தோம். காதர் தன்பாட்டில் நடந்து வந்தான். அவள் அவனைத் தூக்கவில்லை.

ஆவணி மாதம்போல் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. மீராசா உயிரோடு இருந்தார். எரிகாயத்தோடு ரயிலில் கொண்டுபோனவர்களில் ஒருவர். குடும்பம் முழுவதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். முகத்தில் ஒரு பக்கம் முழுவதும் வெந்துபோயிருந்தது. ஒரு காது இல்லை. வருவதற்குப் பயப்படுகிறார், பிள்ளைகள் தன்னைக் கண்டு அலறும் என்கிறார் என்று அங்கிருந்த தாதி எழுதியிருந்தாள்.

இதையும் நான்தான் சுபைதாவிடம் சொன்னேன். இந்தமுறை மேற்றன் சொல்லத் தேவையிருக்கவில்லை. முகம் எப்படி இருக்கும், எந்தப் பக்கம், தோல் என்ன நிறம், எல்லாம் உள்ளபடி சொன்னேன்.

“அப்ப வாப்பா எண்டு எப்பிடித் தெரியும்?”

“குரல் மாறேல்லை எண்டு எழுதியிருக்கினம். வெளியில நிண்டு முதல்ல உங்களைக் கூப்பிடச் சொல்லுறன்.”

அவர் வந்த காலையில் தலையையும் முகத்தையும் ஒரு துவாயால் சுற்றியிருந்தார். படலைக்கு வெளியே நின்றுகொண்டு, அங்கிருந்தே திரும்பிப் போகிறவர்போல் இருந்தார். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடும்படி நான் போய்ச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமி, “சுபைதா... காதர்...” என்று கூப்பிட்டார். கொட்டிலுக்குள்ளிருந்து இருவரும் வெளியே வந்தார்கள். அவர் துவாயை எடுத்தார். காதர் வீரிட்டுக்கொண்டு அக்காவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தான்.

சுபைதாவும் நடுங்கினாள். எனக்குத் தெரிந்தது. ஆனால் குனிந்து தம்பியின் காதில் சொன்னாள்:

“பயப்படாத. வாப்பாதான். மிஸ்ஸி சொன்ன மாதிரியேதான் இருக்கார்.”

அவனைக் கையில் பிடித்துக்கொண்டு படலையை நோக்கி நடந்தாள்.

மீராசா மூன்று நாள் எங்களோடு தங்கினார். கிண்ணியாவில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. வண்டிலில் ஏறிய பிறகு சுபைதா என்னைக் கூப்பிட்டாள்.

“மிஸ்ஸி, நீங்க எங்களைப் பாக்க வருவீங்களா?”

வருவேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

“தெரியேல்லை, சுபைதா. லீவு தருவினமோ, ரோட்டு எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியேல்லை. கடிதம் போடுவன்.”

அவள் தம்பியைத் தன் பக்கம் இழுத்து இருத்திக்கொண்டாள்.

“அப்ப கடிதம் போடுங்க. அது உங்களால ஏலும்” என்றாள்.

வண்டில் போய் மறைந்ததும் உள்ளே வந்து முதல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அழகாக ஏதாவது எழுத நினைத்து ஒன்றும் வரவில்லை. காலையில் கிணற்றுக்குள் வாளி விழுந்ததையும், அதை எடுக்கப் பாத்தும்மா பட்ட பாட்டையும், இரண்டு விமானங்கள் சீனக்குடாப் பக்கம் போனதையும், ஒரு பிள்ளையும் ஓடாமல் நின்றதையும் நடந்தபடியே எழுதி அனுப்பினேன்.